முகப்பில் இரண்டு பேர்

பதினாலாவது டெம்ப்ளேட்டிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கிண்ணம், கிண்ணம் நிறையப் பச்சை இலை. ஆட்டுக்குப் போடுகிற தழையைத் தின்றுகொண்டு ஒருத்திக்கு இத்தனை சிரிப்பு வருமா என்று அன்புச்செல்விக்கு ஆச்சரியமாக இருந்தது. மதியம் இரண்டரை மணி. ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருந்தது அந்த விடுதி. அந்த நேரத்துக்கு அங்கே ஈ காக்கை இருக்காது. தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரர்கள் தியானம் பண்ணுவார்கள், இல்லை தூங்குவார்கள். இரண்டும் சத்தமில்லாத காரியம். சாவி கொடுப்பதும் பாஸ்போர்ட்டை நகல் எடுப்பதும், சுடுதண்ணி வரவில்லை என்று யாராவது கத்தினால் மேலே ஆள் அனுப்புவதும் அவள் வேலை. இரண்டிலிருந்து நாலு வரைக்கும் வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டர் அவளுக்குச் சொந்தம். மூன்று வருஷமாக அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவள் தன் பிளாக்கை எழுதிவந்தாள்.

பிளாக்கின் பெயர் ‘மல்லாட்டை’. வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எழுதியவர் என்கிற இடத்தில் ‘ஒருத்தி’ என்று மட்டும் போட்டிருந்தாள். மொத்தம் அறுபத்தொரு பதிவு. எதிலும் ஊர் பேர் கிடையாது, ஆள் பேர் கிடையாது. புருஷன் ‘அவர்’, மகள் ‘சின்னது’, குடியிருக்கிற அடி அண்ணாமலை ‘மலைக்குப் பின்பக்கம்’. ஒரு நாளைக்கு முப்பது பேர் படிப்பார்கள். யாரென்று இவளுக்கும் தெரியாது, இவள் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. வீட்டில் தெரிந்தால் யாரும் அடித்துவிடப் போவதில்லை. ஆனால் தெரிந்துவிட்டால் அப்புறம் எழுத வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவளுக்கென்று கதவு சாத்துகிற ஓர் அறை இருந்ததில்லை. இது ஒன்றுதான் இருந்தது.

அப்படி ஒளித்து வைத்திருந்தவளுக்கு இப்போது எதற்கு அலங்காரம் என்று கேட்டால், ஆசைதான், வேறென்ன. இணைய இதழ் ஒன்றிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. ‘உங்கள் “கண்ணாடி” என்ற பதிவை எங்கள் ஆசிரியர் குழுவில் எல்லோரும் படித்தோம். ஒருவர் அழுதேவிட்டார். கார்த்திகை முதல் தேதி எங்கள் பக்கத்தில் உங்களுக்குச் சுட்டி கொடுக்கிறோம். ஆனால் உங்கள் பக்கத்தின் தோற்றம் படிக்கச் சிரமமாக இருக்கிறது. போனில் எழுத்து மிகவும் பொடியாகத் தெரிகிறது. அதை மட்டும் கொஞ்சம் பாருங்கள்.’ கடிதத்தை எட்டுத் தடவை படித்தாள். முன்பின் தெரியாத ஒருவர் தன் எழுத்துக்கு அழுதிருக்கிறார் என்பது அவளுக்கு மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் இருக்கப் போதுமானதாக இருந்தது. பிளாக்கைத் திறந்து பார்த்தபோது முதல்முறையாக அது அவலட்சணமாகத் தெரிந்தது. வெள்ளைத் தரையில் சாம்பல் எழுத்து. குடிவந்த நாளிலிருந்து சுண்ணாம்பு அடிக்காத வீடு.

இரண்டு வாரம் அவளே முயன்றாள். இலவச டெம்ப்ளேட்டுகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பயணத்துக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. இவள் எழுதுவது எதில் சேர்த்தி என்று எதிலும் இல்லை. பிடித்ததாக ஒன்றை எடுத்து மாட்டினால் தமிழ் எழுத்து உடைந்துபோயிற்று. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவே ஒரு புள்ளி வட்டம். பதினாலாவதும் அப்படியே உடைந்தபோது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த ஊரில் தமிழ் எழுத்தைப் பெரிதாக, பிசிறில்லாமல், தூரத்திலிருந்து கண்ணில் படுகிற மாதிரி போடுகிறவன் யார்? பிளக்ஸ்காரன். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது.

அடி அண்ணாமலைப் பக்கமே வேண்டாம் என்று டவுனுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அருள்ராஜ் என்பவன் கடை வைத்திருந்தான். பிளக்ஸ் அடிப்பான், கல்யாணப் பத்திரிகை போடுவான், ‘வெப்சைட் செய்து தரப்படும்’ என்றும் வாசலில் எழுதியிருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். காதில் ஒரு பேனா, வாயில் ஓயாத பேச்சு. சுவர் முழுக்க மாதிரி பேனர்கள்: காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. ஒவ்வொன்றிலும் குறைந்தது முப்பது தலை. விழாவுக்கு உரிய பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“பேரு சொல்லுங்கக்கா.”

“அன்புச்செல்வி.”

“படிப்பு?”

“பி.ஏ. தமிழ்.”

“வீட்டுக்காரர் பேரு?”

“பிரசாத்.”

“இன்னா பண்றாரு?”

“அடி அண்ணாமலைல கடை. கிரிவலப் பாதை சிறுவணிகர் சங்கத்துல செயலாளரா இருக்கிறாரு.”

எல்லாவற்றையும் அவன் ஒரு தாளில் குறித்துக்கொண்டான். இந்த ஊரில் ரப்பர் ஸ்டாம்பு செய்யப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடுவதுதான் வழக்கம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவள் அவள். எதற்குக் கேட்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

“எப்பிடி வேணும்கா?”

“எழுத்து பெரிசா, தெளிவா இருக்கணும். பின்னாடி மண்ணு கலர். மல்லாட்டை புடுங்கும்போது செடியோட ஒட்டிக்கினு வரும் பாரு, அந்த மண்ணு.”

“மண்ணு கலரா? டல்லடிக்கும்கா. உட்டுடுங்க, நான் பாத்து எடுப்பா பண்றேன். பாத்தாவே மங்களகரமா இருக்கணும், இல்ல?”

சரி என்று சொன்னாள். பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தாள். என் பேரைப் போடாதே, படம் எதுவும் வைக்காதே என்று அவள் சொல்லவில்லை. மூன்று வருஷமாக இல்லாத ஒன்றை ஒருவன் கொண்டுவந்து வைப்பான் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அருள்ராஜையும் குறை சொல்ல முடியாது. அவன் தொழிலில் முகம் இல்லாமல் ஒரு வேலை முடிந்தால் அது அரைவேலை. பேரைச் சின்னதாகப் போட்டதற்காகக் கல்யாண வீட்டில் சண்டைக்கு வந்தவர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான். பேரைப் போட்டதற்காக அழுத ஆளை அவன் பார்த்ததே இல்லை.

‘கண்ணாடி’ என்கிற அந்தப் பதிவில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் முறை. பிரசாத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமான இருபதாம் நாள் அவனே சொன்னான். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், “மூணாவதோட நின்னுட்டேன். பத்தாவதுன்னு சொல்லித்தான் உன்ன கட்னாங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடு” என்றான். அவளுக்குக் கோபம் வரவில்லை. பொய் சொல்லிக் கட்டியவனைவிட, பொய்யை இப்படிக் கையில் எடுத்துக் கொடுக்கிறவனைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து பதினைந்து வருஷமாக அவன் கண் அவள்தான். பேப்பர் வாசித்துக் காட்டுவாள். கரண்ட் பில், பள்ளிக்கூடச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் அவள். ஊரில் நாலு பேரை அரவணைத்துப் பேசத் தெரிந்தவன் என்பதால் அவனைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். கூட்டத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் மனசில் வைத்துக்கொண்டு வந்து சொல்வான், அவள் நோட்டில் எழுதுவாள். கலெக்டருக்குப் போன மனுவெல்லாம் அவள் எழுதியது. ‘செயலாளர் எழுதுனா கல்லும் கரையும்’ என்று சங்கத்தில் பேச்சு. அவன் சட்டைப் பையில் ஒரு மூக்குக் கண்ணாடி இருக்கும். அதில் பவர் கிடையாது. கண் நல்ல கண். யாராவது தாளை நீட்டினால் பையைத் தடவி, ‘கண்ணாடி கொண்டாரலப்பா’ என்பதற்காகவே அதை வாங்கினான்; பையில் இருக்கும்போது, ‘இது கிட்டப் பார்வைக்கு ஆவாது’ என்பான். வாட்ஸ்அப்பில் எழுத்து வந்தால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, சாயங்காலம் அவளிடம் கொண்டுவருவான். ஒருமுறை பக்கத்துக் கடைக்காரரின் அம்மா இறந்துபோன செய்திக்கு அப்படிக் கட்டைவிரலைத் தூக்கிவிட்டான். மறுநாள் இழவு வீட்டில் போய், ‘விரல் தவறிப் பட்டுடுச்சி’ என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுதது இழவுக்கா, விரலுக்கா என்று அவளுக்கு மட்டும் தெரியும். எட்டாவது படிக்கிற மகள் கவியாவுக்கும் இது தெரியாது. ‘அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல, அம்மாகிட்ட கேளு’ என்றே அவன் அவளை வளர்த்துவிட்டான்.

இவ்வளவையும் அன்புச்செல்வி எழுதியிருந்தாள். பிரியத்தோடுதான் எழுதினாள். ஒவ்வொரு வரியிலும் அந்த மனுஷன் மேல் அவளுக்கிருந்த ஆசை தெரியும். ஆனால் ஆசையாக எழுதினாலும் அடுத்தவர் ரகசியம் அடுத்தவர் ரகசியம்தான். அவன் அவளிடம் மட்டும் சொன்னதை அவள் முப்பது பேரிடம் சொல்லிவிட்டு, நல்லாயிருக்கிறது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக் குளிர்ந்துபோயிருந்தாள். இதை அவள் அப்போதே உணர்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு உணர்ந்தாள்.

மூன்றாம் நாள் மதியம், இத்தாலியிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு அறை காட்டிவிட்டுக் கீழே வந்தபோது போனில் அருள்ராஜின் குரல் செய்தி இருந்தது. “அக்கா, முடிஞ்சிது. பாத்துட்டுச் சொல்லுங்க. சும்மா கலக்கிட்டேன்.” மேசையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தாள். முதலில் பூ உதிர்ந்தது. நிஜமாகவே திரையின் மேலிருந்து கீழாக மல்லிகைப் பூவும் ரோஜா இதழும் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. பின்னால் மலை, மலை உச்சியில் தீபம், தீபத்தைச் சுற்றித் தங்கக் கதிர். இடது பக்கம் அவள், வலது பக்கம் பிரசாத். கல்யாண நாளன்று எடுத்து வாட்ஸ்அப்பில் அவள் வைத்திருந்த படத்தை உருவி, இருவரையும் தனித்தனியாக வெட்டி, நாலு சாயம் வெளுப்பாக்கி நிறுத்தியிருந்தான். நடுவில் பொன்னெழுத்தில் ‘மல்லாட்டை’. அதன் கீழே, ‘அன்புடன் வரவேற்கும்: திருமதி அன்புச்செல்வி பிரசாத் பி.ஏ.; திரு. பிரசாத், செயலாளர், கிரிவலப் பாதை சிறுவணிகர் சங்கம், அடி அண்ணாமலை’. எழுத்தில் ஒரு பிசிறு இல்லை. அதற்கும் கீழே ‘அதிகம் படிக்கப்பட்டது’ என்று ஒரு சிவப்புப் பட்டை. அந்தப் பட்டைக்குள் ‘கண்ணாடி’. பக்கத்திலேயே பிரசாத்தின் இன்னொரு படம். பொருத்தமாக இருக்கட்டும் என்று அருள்ராஜ் அவனுக்குக் கம்ப்யூட்டரிலேயே ஒரு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தான்.

அவள் போனை எடுத்தாள். அருள்ராஜைக் கூப்பிட்டாள்.

“எடுத்துடுப்பா. எல்லாத்தையும் எடு. இப்பவே.”

“ஏங்க்கா? கலர் புடிக்கலியா? காலைலேர்ந்து ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கிறேன், எல்லாம் ஹார்ட்டா போட்றாங்க. உங்க ஊரு ஆதிமூலம் அண்ணன்கூட லிங்க் கேட்டு வாங்கினாரு, சங்கத்து குரூப்ல போடணும்னு.”

“நீ அதைப் படிச்சியா? உள்ள இருக்கிறத?”

“எங்கக்கா படிக்க நேரம்? நமக்கு டிசைன்தான.”

பழைய சாம்பல் எழுத்துக்கே பக்கத்தைத் திருப்பினாள். ‘கண்ணாடி’யை அழித்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று. ஆதிமூலம் டீக்கடைக்காரர், சங்கத் தலைவர். நல்ல மனுஷர், அந்தக் குரூப்பில் நூற்றுநாற்பது பேர். விடுதி முதலாளியிடம் சொல்லாமல்கூட ஓடிவந்து ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அவள் அம்மா சொல்வாள். ஆட்டோ போய்க்கொண்டிருந்தபோது அவளுக்கு வேறெதுவும் நினைவில் வரவில்லை.

அடி அண்ணாமலையில் ஆதிமூலத்தின் கடை முன்னால் எட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் பிரசாத். எல்லோருக்கும் டீ சொல்லியிருந்தான். போனை உயரத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். முன்பே திறந்த பக்கம் என்பதால் அதில் இன்னும் பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

“பாரு, பாரு, பூ எப்பிடி உதுருது பாரு! எங்க வூட்டுக்காரி பண்ணது. மூணு வருசமா எழுதுறாளாம், எங்கிட்ட மூச்சு உடல. கள்ளி. தோ, இது நானு. பக்கத்துல அவ.”

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. கவியா பிறந்த அன்றுகூட இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தங்கள் போனுக்குள் குனிந்து படித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர், தாய்க்காரி இறந்தபோது கட்டைவிரலை வாங்கிக்கொண்டவர், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றார்.

“பிரசாத்து, போதும்டா. போனை உள்ள வை” என்றார் ஆதிமூலம். அவர் குரல் சரியாக இல்லை. குரூப்பில் போட்டதே தாம்தான் என்கிற வருத்தம் அவருக்கு. படிக்காமல் போட்டுவிட்டார்.

கூட்டத்தில் ஒருவன், பூ விற்கிறவன், சும்மா இருக்கமாட்டாமல் கேட்டான். “செயலாளரே, அந்தச் செகப்புப் பட்டைக்குக் கீழ இன்னாமோ போட்டிருக்குதே, படிச்சிக் காட்டேன்.”

பிரசாத் பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவினான். “கண்ணாடி கொண்டாரலப்பா.”

அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒருவன் குபீரென்று சிரித்தான், இன்னொருவன் தொடர்ந்தான், டீ புரையேறிற்று ஒருவனுக்கு. பிரசாத்தும் கூடச் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் அன்புச்செல்வியால் தாங்க முடியவில்லை.

“தோ வந்துட்டாளே! எழுதுனவளே வந்துட்டா, அவளே படிக்கட்டும்” என்று அவன் போனை அவள் கையில் கொடுத்தான். “படிமே. சத்தமா படி. எல்லாரும் கேக்கட்டும்.”

திரையில் அவள் எழுதிய வரி இருந்தது: ‘அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.’ அவள் அதைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் படித்தாள். “என் கணவர் காலை நாலு மணிக்கே எழுந்து கடையைத் திறப்பார். வருகிற அடியார்களுக்கு முகம் கோணாமல் தண்ணீர் கொடுப்பார். ஊருக்கு ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாக நிற்பார். அவர் எழுதிய மனுவால்தான் எங்கள் பாதைக்கு விளக்கு வந்தது…” குரல் நடுங்காமல் படித்தாள். பதினைந்து வருஷப் பழக்கம், வாசிக்கிற குரல் தானாக வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. படித்தவர்கள் எல்லோருக்கும் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். அவள் என்ன செய்கிறாள் என்றும் தெரியும். பூக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிரசாத் முதலில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு ஆட்டுவதை நிறுத்தினான். எழுத்துத் தெரியாதவனுக்கு முகம் தெரியும். நாற்பத்திரண்டு வருஷமாக அவன் மனுஷ முகத்தைத்தானே படித்துப் பிழைத்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக்கொண்டு தன் கடைக்கு நடந்துவிட்டான். அவன் டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

கவியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போய்விட்டாள். கூடப் படிக்கிறவளின் அப்பா அந்தக் குரூப்பில் இருந்தார். கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிரசாத் வீட்டுக்கு வந்தான். கை கால் கழுவினான். சாப்பாடு வேண்டாம் என்றான்.

“நீ அங்க படிச்சதும், அதுல இருந்ததும் ஒண்ணு இல்ல. இல்ல?”

“இல்லீங்க.”

“அதுல இன்னா இருந்துச்சி?”

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சமையலறை வாசற்படி, கண்ணாடி, கட்டைவிரல், எல்லாம். மனப்பாடமாகத் தெரிந்த பதிவு, வரி வரியாகவே சொல்ல முடிந்தது. சொல்லும்போது அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருக்கிறது என்பது அவளுக்கே கேட்டது. அதற்காகத் தன் மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

“கவியா படிச்சிட்டாளா?”

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். திட்டுவான், கையை ஓங்குவான், அழவாவது அழுவான் என்று அவள் காத்திருந்தாள். எதற்கும் அவள் தயாராக இருந்தாள். அவன் வேறொன்றைக் கேட்டான்.

“இத்தினி வருசமா எனக்கு எவ்ளோ படிச்சிக் காட்டியிருப்ப. பேப்பரு, சீட்டு, பத்திரம். அதெல்லாம் இருக்கிறத இருக்கிற மாதிரிதான் படிச்சியா?”

“சத்தியமா. கவியா மேல சத்தியமாங்க. ஒரு எழுத்து மாத்தல. இன்னைக்கித்தான், அத்தினி பேரு எதிர்ல உங்கள எப்பிடிங்க…”

“இருக்கலாம்” என்றான். “எனக்கு எப்பிடித் தெரியும்?”

எந்தச் சத்தியத்தையும் அவன் காதால்தான் கேட்க வேண்டும். அந்தக் காதுக்குத்தான் அவள் இன்று பொய் படித்தாள். கூட்டத்தில் அவனைக் காப்பாற்ற நினைத்த அந்த ஒரு நிமிஷத்தில், எழுதியதைவிடப் பெரிய தப்பைச் செய்துவிட்டாள். எழுதியதை அவன் ஒருநாள் மன்னித்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

மறுநாள் ஆதிமூலம் வீட்டுக்கே வந்தார். “தப்பு என்னுதும்மா, படிக்காம போட்டுட்டேன்” என்றார். சங்கத்தில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, பிரசாத்தே செயலாளராக இருக்கட்டும் என்றார். பிரசாத் அவருக்குத் தண்ணி கொடுத்து, மரியாதையாகப் பேசி, சங்கத்து நோட்டையும் ரப்பர் ஸ்டாம்பையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினான். அருள்ராஜ் நாலு தடவை போன் பண்ணினான். என்ன தப்பு நடந்தது என்று அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. “வேணும்னா தாமரை வெச்சி வேற ஒண்ணு பண்ணித் தர்றேன்கா, சும்மாவே” என்றான். அன்புச்செல்வி பிளாக்கை மொத்தமாக அழித்தாள். அறுபத்தொரு பதிவும் போயிற்று. வேறு பெயரில் இன்னொன்று தொடங்கலாம் என்று ஒருநாள் மதியம் தோன்றியது. வெள்ளைத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி வரவில்லை. கார்த்திகை முதல் தேதி அந்த இதழ் சொன்ன சொல் தவறாமல் சுட்டி கொடுத்திருந்தது. அழுத்தினால், ‘நீங்கள் தேடும் பக்கம் இங்கு இல்லை’ என்று வந்தது.

வீட்டில் சண்டை என்று ஒன்றுமில்லை. பிரசாத் அவளிடம் பேசினான், சாப்பிட்டான், கவியாவுக்குப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தான். அந்தக் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டான். வாட்ஸ்அப்பில் எழுத்து வந்தால் அப்படியே விட்டுவிடுவான். பேப்பர் வந்தால் மடித்தது மடித்தபடி கிடந்தது. ஒரு நாள் அவளாகவே எடுத்துத் தலைப்புச் செய்தியைப் படித்தாள். அவன் எழுந்து போகவில்லை; கேட்கவும் இல்லை. மாடு அசைபோடுகிற சத்தத்தை மனுஷன் எப்படிக் கேட்பானோ அப்படி உட்கார்ந்திருந்தான். பாதியில் நிறுத்திவிட்டாள்.

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை பத்து மணிவாக்கில், ஓர் அலுவலகத்து ஆள் கடை கடையாக ஒரு தாளைக் கொடுத்துக்கொண்டு போனார். அன்று அவளுக்கு விடுமுறை. கடைக்குள் உட்கார்ந்து கற்பூரக் கட்டிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். தாளில் சீல் இருந்தது, அடியில் பச்சை மையில் கையெழுத்து. பிரசாத் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு பாதைக்கு இறங்கினான்.

செருப்பில்லாமல் மலை சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். வெளியூர்க்காரர், நெற்றி நிறைய விபூதி. பிரசாத் அவர் முன்னால் போய் நின்றான்.

“சாமி, இத கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது.”

பக்கத்துக் கடைக்காரருக்கும் பூக்காரனுக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னான். அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். பதினோராம் தேதிக்குள் கடையைப் பாதையிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அப்புறப்படுத்துவார்களாம். பிரசாத் கவனமாகக் கேட்டு, கும்பிட்டு, தாளை வாங்கிக்கொண்டான். அவள் அவன் திரும்பி வருவான் என்று நினைத்தாள். அவன் வரவில்லை. அவர் வளைவில் மறைகிற வரைக்கும் பொறுத்திருந்தான். பிறகு அடுத்து வந்த ஒரு பெண்மணியை நிறுத்தி, அதே தாளை நீட்டி, “அம்மா, இதுல இன்னா போட்டிருக்குது?” என்று கேட்டான்.